பாரந்தூக்கிக்காரன் வீட்டு வத்தகை

துருக்கிக் கப்பலின் சமையற்காரன் தந்தான்,
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் மடித்து
நாலு விதை.
இரண்டு கையையும் அகல விரித்து
ஏதோ சொன்னான்.
பொய்யென்றாலும் அழகான பொய் என்று
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
அன்று முழுக்கச் சீமெந்து இறக்கினோம்.

சாம்பல்தீவு மணல்
எதையும் நம்பாத மணல்.
வார்த்த தண்ணீரை வாங்கிக்கொண்டு
வாங்கவில்லை என்று சொல்லும்.
கிணற்றடிக்குப் பக்கத்தில் இடுப்பளவு குழி வெட்டி
மாட்டெரு, வாடிய பூவரசங்குழை,
நசுறுதீனின் மீன்வாடியிலிருந்து
இரண்டு வாளி செதிலும் குடலும்
போட்டு மூடினேன்.
மூன்று நாள் ஊர்ப் பூனைகள் கூட்டம் வைத்தன.

நாலில் இரண்டு முளைத்தது.
இரண்டில் ஒன்றை நத்தை தின்றது.
மிஞ்சியது
உடுப்புக் காயப்போடும் இடத்தைப் பிடித்தது.
"கொடிக்கும் கொடிக்கும் சண்டை" என்றாள் கமலவேணி,
சீலைகளை வேலியில் விரித்தபடி.

விடிய ஆறு மணிக்கு ஆண்பூவைக் கிள்ளி
இதழை உரித்து
பெண்பூவின் வாயில் தடவ வேண்டும்.
இருபது தொன் பெட்டியை
லொறியின் முதுகில் முட்டைபோல் வைக்கிற கை
அந்த ஒரு பூவுக்கு முன்னால் நடுங்கியது.
பக்கத்து வளவு ரீச்சர் மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டுப்
பார்க்காத மாதிரிப் போனா.

ஏழு பிஞ்சு பிடித்தது.
ஒன்று பெருக்க ஆறு போகவேண்டும்.
சவரக்கத்தியால் அறுத்தேன்.
தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்தாள் கமலவேணி.
நல்ல ருசி.
இரண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்,
முகத்தைக் கிணற்றடிப் பக்கம் திருப்பாமல்.

பிறகு அது வளர்ந்தது.
தையல் அளவுநாடாவால் இடுப்பளந்து
கிணற்றுக் கட்டில் கரியால் எழுதினேன்.
நாடா போதாமல்போன அன்று
கயிறு எடுத்தேன்.
கச்சான் தொடங்கியது.
பத்து மணிக்கே இலையெல்லாம் செத்ததுபோல் தொங்கும்,
இரவில் ஒன்றும் நடக்காததுபோல் நிமிரும்.
காய்க்கு வெயில் சுடக்கூடாதென்று
கமலவேணியின் கறுப்புக் குடையை நட்டேன்.
அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு
பஸ்ஸுக்கு நடந்தாள்.
அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை நிறுப்பதென்று முடிவு.
நசுறுதீனின் தராசு, நாலு ஆள், ஒரு படங்கு.
வியாழன் இரவு
இன்னும் ஒரு கிலோ வரட்டுமே என்று
மூன்று வாளி கூட ஊற்றினேன்.

இரண்டு மணிக்குக் கேட்டது.
துறைமுகத்தில் இருபது வருசம் இருந்தவனுக்கு
அந்தச் சத்தம் தெரியும்:
பாரம் தாங்காமல் கம்பிவடம் விடுகிற சத்தம்.
ரோச்லைற்றோடு ஓடினேன்.
குடைக்குக் கீழே
நீட்டுக்கு வாய் பிளந்து
சிவப்பாய்.

விடிந்தால் எறும்புக்குத்தான்.
எல்லாரையும் எழுப்பினோம்.
ரீச்சர் தாம்பாளத்தோடு வந்தா.
நசுறுதீன் ஐஸ்பெட்டியோடு வந்தான்,
தராசை மறந்து.
"தேன்" என்றா ரீச்சர்.
"தேனேதான்" என்றார்கள்
சட்டி பானை கொண்டுவந்த எல்லாரும்.
நசுறுதீனின் மூன்று வயது மகள் மட்டும்
நித்திரைக் கண்ணோடு ஒரு துண்டை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:
"தண்ணி."

உண்மைதான்.
இத்தனை நாள் நான் அள்ளி வார்த்த
சாம்பல்தீவுக் கிணற்றுத் தண்ணீர்.
கொஞ்சம் உப்பும் தெரிந்தது.

வேலையிடத்தில் பொடியள் கேட்டார்கள், எத்தனை கிலோ என்று.
வெறும் கொக்கியை மேலே இழுத்துக்கொண்டே
"தூக்கவில்லை" என்றேன்.

அன்று கமலவேணி குடை பிடித்துப் போனாளாம்.
துணி ஒரு பக்கம் சாம்பலாய் வெளுத்திருந்ததை
ரீச்சர்தான் பிறகு சொன்னா.
வெளுத்த பக்கத்தைப்
பின்னால் திருப்பிப் பிடித்திருந்தாளாம்.